சுருங்கிப்போன சப்பாத்து

லண்டன் அப்டன் பார்க்கில் நான் சப்பாத்துக் கடையொன்றில் வேலை செய்தபோது, ஒருவர் ஒரே முறைப்பாட்டோடு மூன்று தடவை வந்தார். ஐம்பதை நெருங்கிய யாழ்ப்பாணத்தவர். அகன்ற தாடை, இடைவெளி விழுந்த பற்கள். எப்போதும் டை கட்டியிருப்பார். சப்பாத்தைப் பேப்பரில் சுற்றி, மீன் வாங்கியவர்போல் ஏந்தி வருவார்.

“தம்பி, இதுவும் சுருங்கிப் போச்சு. லண்டன் குளிர் தோலுக்கு ஒத்துவராது போல.”

மூன்றாம் தடவை அவரை இருத்திக் காலை அளந்தேன். முதலில் எட்டாம் அளவு வாங்கியவருக்கு இப்போது பத்து.

“அண்ணை, சப்பாத்து சுருங்கேல்லை. உங்கட கால்தான் வளருது.”

“இந்த வயசிலயோ? அப்ப என்ர மோதிரமும் தொப்பியும் ஏன் சுருங்கினது?”

“எல்லாம் ஒண்டாச் சுருங்க ஏலாது அண்ணை. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ.”

கோபித்துக்கொண்டு போனார்.

சில மாதங்களின் பின் சிரித்தபடி வந்தார். மூளைக்கு அடியிலுள்ள கடலையளவு சுரப்பியில் ஒரு கட்டி. அதுதான் வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரந்திருக்கிறது. மூக்கு வழியாக எடுத்துவிட்டார்களாம்.

“வளர்ந்த எலும்பு வளர்ந்ததுதானாம். இனி வளராது. பத்திலை ரெண்டு சோடி தாரும் தம்பி.”

மூளையில் இருந்த கட்டியைச் சப்பாத்துக் கடையில் கண்டுபிடித்ததாக அவர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். பிறகு தலையிடிக்காரரும் முதுகுநோக்காரரும் வந்து, அவர் அனுப்பியதாகச் சொல்லிக் காலை நீட்டினார்கள். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை, அளந்தேன். ஒரு அம்மா எழும்பிக் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப சுகம் தம்பி. மற்றக் காலையும் அளந்து பாருமன்.”