தமயந்தி அக்கா போட்ட கடைசிப் பட்டியல்

செய்தி வந்தபோது நான் பெருங்களத்தூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு எங்கள் பேட்மிண்டன் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் நம் மைதானத்தில் நடக்கவிருக்கும் பன்னாட்டு இளையோர் போட்டிக்கு வரும் பிள்ளைகள் யார் யார் வீட்டில் தங்குவார்கள் என்ற பட்டியலைத் தமயந்தி அக்கா முந்தைய நாள் மாலை அனுப்பியிருந்தார். பதினோராவது வரியில் என் பெயர். எதிரே, லின், வியட்நாம். அந்த வரியை நான் மூன்றாம் முறையாகப் படித்தபோது அதன் கீழே, அக்காவின் எண்ணிலிருந்தே, அவர் மகன் எழுதியது வந்து விழுந்தது. "அம்மா இன்று விடியற்காலையில் காலமானார். மாரடைப்பு." பக்கத்தில் அக்காவின் சிரித்த படம்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இந்த வரியை ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று இனி யாரிடம் கேட்பது என்ற பயம்தான் வந்தது. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி நான் எழுதுவதென்றால் அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். இரும்புலியூரில் வீடு, தாம்பரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. ராக்கெட்டைக் கையில் பிடித்து யாரும் பார்த்ததில்லை. மகன் ஆடவந்தபோது கூட வந்தவர். மகன் இரண்டே வருடத்தில் ஆட்டத்தை விட்டான், அக்கா சங்கத்தை விடவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதாவது ஓட்டலில் தங்கவைக்கலாம் என்று கமிட்டி முடிவெடுக்கப் போன கூட்டத்தில் எழுந்து நின்றவர் அவர்தான். "ஓட்டல்ல தங்குனா ஆடிட்டுப் போயிடுவாங்க சார். எதிர்த்து ஆடுற புள்ள வீட்டுலயே தங்கட்டும். ஒரே பாத்ரூமுக்கு சண்டை போடட்டும். சண்டை போட்டவங்கதான் அப்புறம் போன் பண்ணிப் பேசுவாங்க" என்றார். செயலாளர் வேலு சார், "பொறுப்பு யாரும்மா எடுத்துக்கறது?" என்று கேட்டார். "இன்னா சார் கேள்வி இது? எழுந்து நிக்கிறவதான்" என்றார் அக்கா.

பொறுப்பை அவர் எடுத்துக்கொண்ட விதம் கொஞ்சம் தொல்லையானது. பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். குளியலறைத் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டுப் பார்த்தார். ஏரிப் பக்கத்து ஜன்னலில் கொசுவலை கிழிந்திருந்ததை விரலால் தடவிக் காட்டினார். கட்டிலில் படுத்தே பார்த்தார். பிறகு காபியைக் குடித்துக்கொண்டே, "வூட்ல கோவக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். அக்கா சிரிக்காமல் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். போட்டி நாட்களில் காலை ஆறு மணிக்கு எல்லா வீடுகளுக்கும் அவரிடமிருந்து அழைப்பு வரும். "புள்ள எழுந்துச்சா? வயிறு எப்படிக் கீது?" ஒருநாள் நான், "நல்லா இருக்காக்கா, நீங்க நிம்மதியா இருங்க" என்றேன். அதற்கு அவர் சொன்னது: "அடுத்தவங்க புள்ள வூட்ல இருக்கறப்போ நிம்மதியா இருந்தா, எங்கயோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம்."

தப்பு நடந்தது. ஐந்து வருடங்களுக்கு முன், என் வீட்டில்.

அப்போது என் மகள் இனியாவுக்குப் பன்னிரண்டு வயது. லின்னுக்கும் அதேதான். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. அரைகுறை ஆங்கிலமும் கைச்சாடையும்தான். வந்த மறுநாளே ஒரே போர்வைக்குச் சண்டை போட்டார்கள். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு அரையிறுதி, இனியாவும் லின்னும் எதிரெதிரே. காலையில் வழக்கம்போல் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினேன். இனியா, "எனக்கு வேணாம்மா. எண்ணெய் தேச்சா மத்தியானம் தூக்கமா வரும், ஆட முடியாது" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குச் சைக்கிளில் போய்விட்டாள். லின் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கிண்ணத்தைக் காட்டினாள், தன் தலையைக் காட்டினாள், சிரித்தாள்.

கேட்டவள் அவள். ஊற்றியவள் நான். என் மகள் சொன்ன வார்த்தை அடுக்களையில் இன்னும் ஆறாமல் இருந்தபோதே ஊற்றினேன். அழுந்தத் தேய்த்து, வெந்நீரில் சீயக்காய் போட்டு அலசி, சூடாகச் சோறும் மிளகு ரசமும் போட்டேன். பதினொன்றரைக்குப் படுத்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பகலில் தூங்கவிடக் கூடாது என்று நம் வீடுகளில் யாருக்குத் தெரியாது? எழுப்புவதற்காக இரண்டு முறை அந்த அறை வாசல்வரை போனேன். பாவம், அசந்து தூங்குகிறாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டு இரண்டு முறையும் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மூன்று மணிக்கு லின் கோர்ட்டில் நின்றாள், அவ்வளவுதான். முதல் செட்டில் ஒன்பது புள்ளி, இரண்டாவதில் பதினொன்று. அதுவரை ஒரு செட்கூட இழக்காத பெண். "வெயில் ஒத்துக்கல போல" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் ஆமாம் என்றேன். கைதட்டவும் செய்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த லின்னுக்கு அக்கா தண்ணீர் கொடுத்துத் தலையைத் தடவினார். கை அப்படியே நின்றது. விரல்களை மோந்து பார்த்தார். பிறகு என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"எப்போ தலைக்கு ஊத்துன?"

"காலையிலக்கா. பத்து மணி இருக்கும்."

"இனியாவுக்கு?"

"அவ வேணாம்னுட்டா."

"ஏன் வேணாம்னா?"

நான் தொட்டிக் குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினேன். அக்கா குழாயை மூடினார். பிறகு மெதுவாக, "தெரிஞ்சு செஞ்சியா?" என்றார்.

"தெரியலக்கா. சத்தியமா தெரியல."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அப்போ அதையே போய் சொல்லு. தெரியலன்னே சொல்லு. அந்தப் பொண்ணுகிட்டயும் அவங்க கோச்சுகிட்டயும். நான் கூட வரேன். பேச மாட்டேன், நிப்பேன்" என்றார்.

அவர்கள் பயிற்சியாளர் ஓரளவு ஆங்கிலம் பேசும் ஒரு பெண்மணி. எண்ணெய்க் குளியல் என்றால் என்ன என்பதை விளக்கி முடிப்பதற்குள் நான் இரண்டு முறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. என் மகள் சொன்னதையும், கதவைச் சாத்தியதையும் விடாமல் சொன்னேன். முடிவு முடிவுதான், ஆட்டத்தை மாற்ற முடியாது என்றார் அவர். பிறகு லின்னிடம் அவர்கள் மொழியில் சொன்னார். லின் என்னைப் பார்க்கவில்லை. தூரத்தில் ராக்கெட்டுக்குப் புதிய கிரிப் சுற்றிக்கொண்டிருந்த இனியாவைப் பார்த்தாள். இது இனியாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அப்படியானால் நாளை இறுதிப்போட்டி முடியும்வரை அவளிடம் சொல்ல வேண்டாம், தெரிந்தால் அவளால் ஆட முடியாது என்றாள். பயிற்சியாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அக்கா முதல்முறையாக வாய் திறந்தார். லின்னுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் ஆங்கிலத்தில், "டுடே நைட், விச் ஹவுஸ் ஸ்லீப்? யூ சொல்லு" என்றார். லின் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலையே அவள் பை இரும்புலியூருக்குப் போனது. "ஏம்மா போறா?" என்று இனியா கேட்டாள். "அக்கா வீட்ல ஆசையா கூப்பிட்டாங்க" என்றேன்.

மறுநாள் இனியா மூன்று செட் ஆடி ஜெயித்தாள். கோர்ட்டின் ஓரத்தில் நின்று அதிகம் கத்தியவள் லின். கோப்பை எங்கள் வீட்டு ஷோகேஸில் ஏறியது.

இறுதிப்போட்டி முடியும்வரை என்றுதான் அந்தக் குழந்தை கேட்டது. நான் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஜனவரியிலும் அக்கா ஒரே ஒரு முறை கேட்பார். "சொன்னியா?" "இல்லக்கா." "ம்." இந்த ஐந்து வருடமும் இரண்டு பெண்களும் போனில் பேசிக்கொண்டே இருந்தார்கள். இனியா சில வியட்நாமியச் சொற்கள் கற்றுக்கொண்டாள். லின் "போடி லூசு" வரைக்கும் வந்துவிட்டாள். நான் அறைக்குள் நுழையும்போது திரையில் லின்னின் முகம் சற்று விலகுவதுபோல எனக்குத் தோன்றும். அது நிஜமா, என் நெஞ்சு செய்யும் வேலையா, இன்றுவரை தெரியாது.

அக்காவை எடுத்துப்போன அன்று மாலை, வேலு சார் என்னிடம் வந்தார். "லிஸ்ட்ட இனிமே நீங்கதான் பார்த்துக்கணும்மா. அக்கா அளவுக்கு அலைய வேற ஆளில்ல. எதாச்சும் மாத்தணும்னா மாத்திக்குங்க, யாரும் கேக்கப் போறதில்ல" என்றார்.

யாரும் கேட்கப் போவதில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வீட்டுக்கு வந்து பதினோராவது வரியை மாற்றினேன். லின்னைக் கோவிலம்பாக்கத்தில் ஒரு நல்ல குடும்பத்துக்கு எதிரே எழுதினேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஏன் அவளை என் வீட்டில் போட்டார்? லின் கேட்டாளா? நான் சொல்லியாக வேண்டிய நெருக்கடியை உண்டாக்கினாரா? இல்லை, மன்னிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லாமல் சொன்னாரா? அவர் மகனிடம் கேட்டேன். "அம்மா அந்த வரிய மட்டும் ரெண்டு நாள் காலியா வெச்சிருந்தாங்க ஆன்ட்டி. கடைசியாதான் ஃபில் பண்ணாங்க" என்றான். அவனுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

மாற்றியதை அழித்தேன். இனியாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

"அப்போ நான் ஜெயிக்கலையா?" என்றாள்.

"நீ ஜெயிச்சடா. நான்தான்..."

"நீ பேசாதம்மா. அஞ்சு வருஷமா நான் அவகிட்ட அந்த மேட்ச சொல்லிச் சொல்லி ஓட்டிட்டு இருக்கேன். அவ சிரிச்சுக்கிட்டே இருந்தா. தெரிஞ்சுக்கிட்டே சிரிச்சிருக்கா."

கோப்பையை ஷோகேஸிலிருந்து எடுத்தாள். ஒரு பழைய துண்டில் சுற்றித் தன் கிட் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஏர்போர்ட்டுக்கு நான் போறேன். நீ வராத" என்றாள். இப்போதும் அளந்துதான் பேசுகிறாள்.

நண்பர்களே, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை நாள் நீங்கள் நம்பியது என் பொய். பட்டியலை என்னிடம் விடுவதா வேண்டாமா என்பதை இதைப் படித்தபின் நீங்கள் முடிவு செய்யுங்கள். அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பேன். தாழ்ப்பாள்களைப் போட்டுப் பார்க்கிறேன், கட்டில்களில் படுத்துப் பார்க்கிறேன், நிம்மதி வந்தால் பயப்படுகிறேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது லின் வந்து சேர்ந்திருப்பாள். எங்கள் வீட்டில் இனியாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். அக்காவின் மகனிடம் சொல்லி இரும்புலியூர் வீட்டிலும் ஒரு படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். நம்மால் நொந்த பிள்ளைதான் எங்கே உறங்குவது என்று சொல்ல வேண்டும். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். பட்டியலில் பதினோராவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.