இளித்த பூசணிக்காய்

எங்கள் புது வீட்டின் சுவர் கதவு, ஜன்னல் தலைக்குமேல் லிண்டல் மட்டத்துக்கு ஏறியதும், திருஷ்டிக்குக் கட்ட ஒரு பூசணிக்காய் வேண்டும் என்றார் மேஸ்திரி. கோரமாக முகம் வரைந்த காயாகவே வாங்கி வர உத்திரமேரூர் கடைத்தெருவுக்குக் கிளம்பினார் என் வீட்டுக்காரர். வெறும் காய் போதும், நானே வரைகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ! பள்ளிக்கூடம் விட்டபிறகு கோலமாவைத் தவிர எதையும் தொட்டவளில்லை.

முட்டைக்கண் வைத்தேன், கோரைப்பல் வைத்தேன், நாக்கைத் தொங்கவிட்டேன். எல்லாம் முறைப்படிதான் செய்தேன். ஆனால் வரைய வரைய ஒரே குஷி. அது கை வழியாக இறங்கிவிட்டது போலிருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் காய் சிரிக்கிறது. கோரைப்பல்லோடு, காது வரைக்கும் சிரிக்கிறது! நானும் சிரித்தேன். அடுப்பில் சோறு குழைந்ததுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் அதைச் சாரக்கம்பில் கட்டிவிட்டு இறங்கி, அண்ணாந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா இது, இளிச்சிக்கினு கீது? இதப் பாத்து எந்தக் கண்ணு பயப்படும்?"

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா காவாந்தண்டலத்திலிருந்து வீடு பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் மிக்ஸியை அந்த நாத்தனார் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அன்றே அது புகைந்துபோனது. அதனால் சனிக்கிழமையே என் காயை இறக்கிவிட்டு, கடையில் விற்கும் ராட்சச முகத்தை மாட்டப் போவதாகச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து நான் வரைந்த ஒரே படம்.

நாத்தனாரோ வெள்ளிக்கிழமையே வந்து நின்றார். வாசலில் அண்ணாந்து பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து சிரித்தார், டீ புரையேறச் சிரித்தார். யார் வரைந்தது என்று கேட்டார். நான்தான் என்றதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்படியே ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடினார். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

"ஏண்டி, வூட்டையே பாக்காம வந்துட்டனே!"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சனிக்கிழமை ஏணியை எடுக்கவில்லை.

மழையில் ஒரே மாதத்தில் காய் அழுகிப்போனது. எனக்கு வருத்தமே இல்லை. அடுத்ததை வரையக் கை துறுதுறுத்தது, கேட்கத்தான் வெட்கம். அன்று சாயங்காலம் அவரே பெரிய காயாக ஒன்றைத் தோளில் சுமந்து வந்து என் முன்னால் வைத்தார். பிரஷ்ஷைக்கூடக் கழுவிக் கொடுத்தார்.

"அதே மாரி இளிக்கணும்" என்றார்.