கடலை எண்ணெய் ஐயர்

சித்தூரில் எங்கள் சபைக் கூடத்துச் சுவரில் வெள்ளைக்கார மிஷனரிகளின் படங்கள் வரிசையாகத் தொங்கின. எங்கள் பாதிரியாரை, நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், அந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்று எழுபதுகளில் ஒரு நாள் சபையாருக்குத் தோன்றியது. நான் வரைகிறேன் என்று முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். அதுவரை நான் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவை இரண்டு கத்தரிக்காய்கள்.

பி.யு.சி. முடித்திருந்தேன். மெட்ராஸுக்குப் போய் ஓவியம் படிக்க எனக்கு ஆசை. பெண்ணை டீச்சராக்க அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, ஆசை. கடலை எண்ணெய் மில்லில் மேனேஜராக இருந்தவர், பேரம் பேசுகிற மாதிரியே பேசினார்.

"படம் நல்லா வந்தா மெட்ராஸ். இல்லாங்காட்டி டீச்சர் ட்ரெயினிங். அப்புறம் அழுதுக்கினு நிக்கக் கூடாது."

திருப்பதியில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு புத்தகம்தான் எனக்கு வாத்தியார். அதில் எண்ணெய்களைப் பற்றிய பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. வாங்கி வந்த வண்ணங்களில் ஒரு டியூபின் மேல் 'சதை நிறம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பிதுக்கினால் ரோஜா நிறம். எங்கள் சபையில் அந்த நிறத்தில் சதை உள்ளவர்கள் சுவரில் மட்டுமே இருந்தார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காவியையும் பழுப்பையும் கலந்தேன். கன்னத்து நிழலுக்கு அடியில் பச்சை பூச வேண்டும் என்று புத்தகம் சொன்னது. பூசினேன்.

அம்மா எட்டிப் பார்த்து, "ஐயருக்கு உடம்பு கிடம்பு செரியில்லையா?" என்றாள்.

ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்கிற ஐயருக்குப் பத்து நிமிஷம் வாயை மூடி உட்கார முடியவில்லை. மூடினால் தூங்கிவிடுவார். தூக்கத்தில் தாடை தொங்கும். தொங்கிய தாடையைத்தான் நன்றாகக் கவனித்து வரைய முடிந்தது.

முகத்தில் மேல்பூச்சு பாக்கி இருக்கும்போது வண்ணத்தில் கலக்கிற ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோனது. நைனா மில்லிலிருந்து ஒரு புட்டி கொண்டுவந்தார்.

"எண்ணெய்னா எண்ணெய்தானே? இது ரெண்டு வாட்டி வடிகட்டினது."

கலந்து பூசினேன். முகம் பளபளவென்று வந்தது. வாரக்கணக்கில் அந்தப் பளபளப்பு குறையவே இல்லை. தொட்டால் விரலில் ஒட்டியது. மழைக்கால ஈரம் என்று நினைத்தேன்.

படத்தைத் திறந்து வைக்கக் குறித்திருந்த அறுப்பின் பண்டிகை ஞாயிறு வந்துவிட்டது. வழியில் தூசி படும் என்று நைனாவே வெள்ளைத் துணியால் படத்தை இறுக்கிச் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சபைப் பொருளாளர் என்பதால் திறந்து வைக்கிற கௌரவமும் அவருக்குத்தான். ஜெபம் முடிந்ததும் சணலை அவிழ்த்துத் துணியை இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். ஐயரின் மூக்கும் ஒரு கன்னமும் துணியோடு வந்துவிட்டன. அடியில் இருந்த பச்சை எல்லாருக்கும் தெரிந்தது.

பிரசங்கத்தில்கூட எங்கள் சபை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. மெட்ராஸ் போயே போய்விட்டது.

ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"மூக்கு போனாப் போகுது. தாவாங்கட்டை என்னுதேதான்."

நைனா துணியை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். எந்த எண்ணெயையும் மோந்தே சொல்லிவிடுவார் என்று மில்லில் அவருக்குப் பெயர். மறுபடி முகர்ந்தார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"இது எங்க மில்லு எண்ணெய். இன்னும் காயவே இல்ல. நான்தான் குடுத்தேன். பொண்ணு மேல தப்பு இல்ல."

வீட்டில்கூட எதையும் ஒப்புக்கொள்ளாத மனுஷர்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் அந்தத் துணி அவர் மடியில் இருந்தது. ஒட்டிய மூக்கு மேலே தெரியும்படி மடித்து வைத்திருந்தார்.

"இத்தினி வருசமா எண்ணெய் ஆட்டிக்கினுகீறேன். காயற எண்ணெய்னு ஒண்ணு இருக்குதுன்னு எனக்கே தெரியாது. நீ மெட்ராஸுக்குப் போய்க் கத்துக்கினு வந்து சொல்லு" என்றார்.