எஞ்சினுக்குக் கட்டின சாம்பார் டப்பா

எம் பொண்டாட்டிக்கு ரெண்டு கிட்னியும் கைவிரிச்சதுல இருந்து எங்க ஊட்டுப் பொழப்பே அந்தப் பழைய பெட்ரோல் காரை நம்பித்தான் ஓடிச்சு. ரத்தம் சுத்தம் பண்ண வாரத்துல மூணு நாள் மாங்காட்டுல இருந்து வானகரம் தாண்டிப் போவணும். பஸ்ல ஏத்துனா பாதி வழியிலயே கண்ணு சொருகிடும். ஆட்டோவுல போனா ரோட்டுப் பள்ளத்துல இடுப்பு கழண்டுடும்னு அழுவா. கார் பின்சீட்ல தலகாணி வச்சுப் படுக்கவச்சாதான் சத்தம் போடாம வருவா. அதனால வண்டி ஓடியாவணும். வேற எதுவும் எனக்கு மண்டையில ஏறல.

வண்டிக்கும் வயசாயிடுச்சு. நீலப் புகையா கக்கிக்கினு வரும். சிக்னல்ல நின்னா அந்தப் புகை பின்சீட்டுக்குள்ள வந்து இவளுக்குக் குமட்டும். கரையான்சாவடி மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துட்டு, பிஸ்டன் ரிங்கு தேஞ்சிடுச்சுன்னான். எஞ்சினுக்குள்ள இருந்து கிளம்புற ஆவி ஆயிலையும் இழுத்துக்கினு போயி மறுபடி எஞ்சின் வாயிலயே ஊத்துதாம், அதான் புகையாம். எஞ்சினை இறக்கணும், வண்டி ரெண்டு வாரமாவது ஷெட்ல நிக்கும்னான். அது நின்னா இவ தாங்க மாட்டா. வேணாம்ப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான், ஆயிலைப் பிடிக்க ஒரு டப்பா செய்ய வராதா? பரண் மேல இருந்து கிளிப் மூடி போட்ட எவர்சில்வர் சாம்பார் டப்பாவை எடுத்தேன். மூடியில ரெண்டு ஓட்டை போட்டு ரெண்டு குழாய் வச்சேன். உள்ளே பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரு. ஒரு குழாய்ல எஞ்சின் ஆவி உள்ள வரும், ஆயிலு நார்ல ஒட்டி அடியில சொட்டும், மிச்ச காத்து இன்னொரு குழாய் வழியா வெளியே போயிடும். தூசி ஏறாம இருக்க அந்தக் குழாய் வாயில ஸ்பாஞ்சு வச்சு நூல்ல கட்டினேன். எஞ்சினுக்கு மூக்கு அதுதான்.

புகை நல்லாவே கொறைஞ்சுது. அப்பப்போ டப்பாவைக் கழட்டிக் கறுப்பு ஆயிலைக் கொட்டுவேன். சாம்பார் டப்பாவுக்கு வந்த வாழ்வைப் பாருன்னு அவ கிண்டல் பண்ணுவா. அவ கிண்டல் பண்ற நாள்ல எனக்குக் கொஞ்சம் உயிர் வரும்.

ஆயுத பூஜை வந்துச்சு. எங்க ஊட்ல அன்னிக்குப் பொட்டு வைக்காத இரும்பு ஒண்ணு இருக்கக் கூடாது. கிரைண்டர், தையல் மிஷின், என்னோட ஸ்பேனருங்க, ஒண்ணு விட மாட்டா. நிக்க முடியாதவ, காருக்குப் பக்கத்துல நாற்காலி போடச் சொல்லி உக்காந்துக்கினா. பானட்டைத் தூக்கிவிட்டுட்டு நான் பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போயிட்டேன். வந்து பார்த்தா மத்ததுக்கெல்லாம் ஒத்தைப் பொட்டு, டப்பாவுக்கு மட்டும் கெட்டியா சந்தனம், குங்குமம், மேல ரெண்டு சுத்து சாமந்திச் சரம். "என்னை இட்டுக்கினு போறதே இதுதானே"ன்னா. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பைபாஸ்ல ஏறினதும் ஆயிலு கருகுற வாடை வந்துச்சு. ஓரங்கட்டலாம்னு ஒடிக்கறதுக்குள்ள மடார்னு ஒரு சத்தம், எஞ்சின் இறுகிப்போச்சு. பானட்டைத் திறந்தா உள்ளே பூரா ஆயிலு. ஆயில் அளவு பார்க்கிற கம்பி எகிறி வெளியே கெடக்குது. பின்சீட்ல இவளுக்கு மூச்சு இழுக்குது. கையைக் காட்டிக் காட்டி ஓஞ்சுட்டேன், ஒருத்தனும் நிக்கல. கடைசியில ஒரு தண்ணி லாரிக்காரன் நிறுத்தி ஏத்திக்கினான். போய்ச் சேரும்போது எங்க நேரம் தாண்டி வேற ஆளைப் படுக்கவச்சிட்டாங்க. சாயந்திரம் வரைக்கும் அவ பட்ட பாட்டை நான் எழுத மாட்டேன்.

அவளை ஊட்டுக்கு அனுப்பினப்புறம், வண்டியை இழுத்துக்கினு வந்து போட்டிருந்த ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் டப்பா மேல வாடிக்கெடந்த பூவை எடுத்தான். குழாய் வாயில கட்டியிருந்த ஸ்பாஞ்சுல சந்தனம் ஊறி, எஞ்சின் சூட்டுல சிமெண்டு கணக்கா இறுகிக் கெடந்துச்சு. காத்து போவ வழியில்லாம உள்ளேயே முட்டி, கம்பியைத் தள்ளி, ஆயிலையெல்லாம் வெளியே கொட்டிடுச்சு. ஆயில் இல்லாம எஞ்சின் செத்துப்போச்சு. அவன் என் மூஞ்சியைப் பார்த்தான். இது நமக்குள்ளயே இருக்கட்டும்னு சொன்னேன்.

ஊட்ல அவ கேட்டா, எதனால நின்னுச்சுன்னு. நான் டப்பாவைத் தப்பாக் கட்டிட்டேன்னு சொன்னேன். நீ என்ன பெரிய எஞ்சினியரான்னு திட்டித் தீர்த்தா. வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொன்னா. சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன்.

வேற எஞ்சின் போட வழியில்ல, அப்புறம் ஆட்டோதான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையை நகம் பதியப் பிடிப்பா. போவப் போவ, இன்னிக்கு வேணாம், நாளைக்குப் போலாம்னு ஆரம்பிச்சா. கெஞ்சினேன், அதட்டினேன், அழுதும் பார்த்தேன். காலு வீங்கி, மூஞ்சி வீங்கி, தை பொறக்கறதுக்குள்ள போயிட்டா.

காரியத்தன்னிக்கு அவ தம்பி, ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருக்கிறவன், அத்தினி பேர் முன்னாடி என் எதிர்ல வந்து நின்னான். அவனைத் தூக்கி வளர்த்ததே எம் பொண்டாட்டிதான்.

"மாமா, உன் டப்பாதான் எங்கக்காவைக் கொன்னுச்சு. நீதான் கொன்னுட்ட."

பந்தியில உக்காந்திருந்த மெக்கானிக் சோத்துல வச்ச கையோட என்னை நிமிர்ந்து பார்த்தான். நெசம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு.

"ஆமா மச்சான்"னேன். "நான்தான் தப்பாக் கட்டிட்டேன்."

இன்னிய வரைக்கும் அவன் எங்கிட்ட பேசறதில்ல. பேசாமலே இருக்கட்டும். அக்காவை நெனச்சு அழறப்ப அவனுக்கு வேற எந்த நெனப்பும் வரக் கூடாது.