கரும்புத் தோகையும் காணாமல் போன ஓரமும்

துபாயில் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பை விட்டு நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தால் கேம்ப்பும் தெரியவில்லை, துறைமுகத்துக் கிரேன்களும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஜனவரி மாதத்துப் பனி மூடியிருந்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, திருப்பிக் கொடுக்க மறந்துபோன கோடவுன் வேலையின் மஞ்சள் ஜாக்கெட். எட்டு மாதம் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டி அலுத்துவிட்டது. முந்தின நாளே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். என் விசா வேறொரு கபீலின், அதாவது எனக்குப் பொறுப்பேற்ற அரபியின், பெயரில் இருந்தது. எங்கே வேலை கிடைத்தாலும் பார்த்துக்கொள் என்று அந்தக் கபீல் விட்டிருந்தார். ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவுக்குப் போனால் ஏதாவது அகப்படும் என்று கிளம்பினேன். பஸ் நிற்கும் இடம்வரை நடை. குளிரில் நடப்பது சுகமாகவே இருந்தது.

அந்த வருடம் பெருஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு ஓரம் இருக்கும். டயர் வெடித்தவன் அங்கே ஒதுங்குவான். தொழுகை நேரமானால் ஒருவன் பாய் விரிப்பான். மூத்திரம் முட்டியவனும் அங்கேதான் நிற்பான். வேலை முடிகிறவரை அந்த ஓரத்திலும் வண்டிகளை ஓடவிட்டு, அதை ஒட்டி இடுப்புயரக் கான்கிரீட் தடுப்புகளை வரிசையாக வைத்துவிட்டார்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சந்தோஷம். நின்றுபோன வண்டி எங்கே ஒதுங்கும் என்று நானும் யோசித்ததில்லை. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் மணலில் நடக்கிறவன்.

முதலில் கண்ணில் பட்டது கரும்புதான். பனிக்குள், தடுப்புக்கு மேலே பச்சைத் தோகைகள் ஆடிக்கொண்டிருந்தன. அருகில் போனால், ஓடுகிற பாதையிலேயே ஒரு பிக்கப் நின்றிருந்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"என்னாச்சுண்ணே?"

"நீர் தமிழோ? கடவுளே! வாகனம் செத்துப் போச்சு தம்பி. பற்றரியும் இல்லை, லைற்றும் எரியுதில்லை. ஓரத்துக்கு எடுப்பம் எண்டா ஓரம் எங்க இருக்கு?"

"பின்னாடி வைக்கிற முக்கோணம்?"

"இருக்கு. கரும்புக்கு அடியில இருக்கு."

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் இரண்டு வருடம் லாரியில் கிளீனராக இருந்தவன் நான். வண்டி படுத்துவிட்டால் எங்கள் ஊரில் மரக்கிளையை ஒடித்துப் பின்னால் ரோட்டில் போடுவோம். பச்சை இலையைப் பார்த்ததும் வருகிறவன் வேகத்தைக் குறைப்பான். சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "எங்கட பக்கமும் கொப்பு முறிச்சுத்தான் போடுவினம்!" பாலைவனத்தில் கொப்புக்கு எங்கே போவது? கரும்பு இருந்தது. தோகையோடு ஆறு கரும்பை உருவி, அறுபதடி பின்னால் போய் வழியில் பரப்பினோம். ஊரில் அந்தத் தூரம் போதும்.

கொஞ்ச நேரத்தில் பெரிய வெள்ளை ஜீப் ஒன்று வந்து கரும்புக்கு முன்னால் நின்றது. வெள்ளை அங்கி அணிந்த அரபிப் பெரியவர் இறங்கி, நசுங்காத கரும்புகளைப் பொறுக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். "பாயி, சாமான் கிர் கயா," என்றார். சரக்கு கீழே விழுந்துவிட்டதாம். ஒவ்வொன்றாக பிக்கப்பில் அடுக்கி, "கலாஸ், யல்லா!" முடிந்தது, கிளம்புங்கள் என்று எங்களுக்கு விடைகொடுத்துப் போய்விட்டார்.

யாழ்ப்பாணத்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல மனுசன் தம்பி! எல்லாத்தையும் துப்புரவாக்கிப்போட்டுப் போறார்." சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்து மறுபடி சாவியைத் திருகினார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பச்சைத் தோகை இந்த ஊரில் வெறும் சிந்திய சரக்கு. பனிக்குள்ளிருந்து ஒரு கார் வந்து, கடைசி நொடியில் ஒடித்து, ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது.

"அண்ணே, இறங்கிடுங்க. தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடலாம்."

"கரும்பை விட்டிட்டு எங்க வாறது? நாளைக்குப் பொங்கல். ரோலாவில சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

"வண்டியில எவனாவது முட்டுனா?"

"விசர்க்கதை கதையாதையும். இந்தா, இப்ப ஸ்ராட் வரும்."

பேசிப் பயனில்லை. ஒரு கட்டுக் கரும்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தடுப்பைத் தாண்டி மணலில் ஓடினேன்.

"டேய் கள்ளா! பொங்கல் கரும்படா அது!"

திறந்த கதவைச் சாத்தாமலே குதித்து, முன்பக்கமாகச் சுற்றி, தடுப்பின்மேல் ஏறி, ஒரு செருப்பு அங்கேயே கழன்று விழ, என்னைத் துரத்தினார். இருபதடி ஓடியிருப்போம். பின்னால் தகரம் கிழிகிற சத்தம். ஒரு வேன் உரசிக்கொண்டு போயிருந்தது. வேனும் நிற்கவில்லை. பிக்கப்பில் டிரைவர் பக்கத்துக் கதவு இல்லை. அது தூரத்தில் ரோட்டில் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் ஒற்றைச் செருப்போடு நின்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தக் கட்டைக் கீழ வையும். பாரமெல்லோ."

அப்புறம் நான் மஞ்சள் ஜாக்கெட்டை ஒரு கரும்பின் நுனியில் கட்டினேன். இங்கே வருகிற வேகத்துக்கு அறுபதடி போதாது என்று, தடுப்புக்கு வெளியிலேயே முந்நூறு தப்படி பின்னால் போய், அதைத் தலைக்கு மேலே வீசினேன். கார்கள் ஒவ்வொன்றாக அடுத்த பாதைக்கு விலகின. ரோட்டு வேலையின் தண்ணீர் டேங்கர் ஒன்று மட்டும் வேகம் குறைத்து, உச்சியில் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டபடி போய், பிக்கப்புக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு நின்றது. ஓட்டியவர் தாடிக்காரப் பட்டாணியர். டேங்கரை முன்னால் கொண்டுவந்து கயிறு கட்டி, தடுப்பில் இடைவெளி இருந்த இடத்துக்கு பிக்கப்பை இழுத்துப்போனார்.

மணலில் உட்கார்ந்து மூவரும் கரும்பு கடித்தோம். பட்டாணியருக்கு என் கொடியை நினைக்க நினைக்கச் சிரிப்பு. "கன்னே கா ஜண்டா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். கன்னா என்றால் கரும்பு, ஜண்டா என்றால் கொடி. அவர்கள் சைட்டில் கொடி பிடித்த ஆள் லீவில் ஊருக்குப் போய்விட்டானாம், வருகிறாயா என்றார்.

"இவர் என்னோட ரோலாவுக்கு வாறார்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"கதவில்லாத வண்டியில எப்படிண்ணே வர்றது?"

"கரும்பு களவெடுக்கிற ஆளுக்குக் கதவு என்னத்துக்கு?"

பட்டாணியரின் சைட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து வண்டியைக் கிளப்பினார். பிக்கப் கதவில்லாமலே ரோலாவுக்குப் போனது. நான் டேங்கரில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் பொங்கல். விடிந்தும் விடியாத பனியில், அதே ரோட்டில், போர்மேன் என் கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்து, வேலை நடக்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் கையைக் காட்டினார். அவர் காட்டியது அறுபதடிகூட இருக்காது. நான் தடுப்புக்கு வெளியே எண்ணிக்கொண்டே நடந்தேன்.

"ஏய், கிதர் ஜாத்தா ஹை?" எங்கே போகிறாய் என்று பின்னாலிருந்து கத்தினார்.

முந்நூறு வந்ததும் நின்று, கொடியை விரித்தேன்.