அப்பா வாசித்த ஓலை

எங்கள் கல்யாணம் நடந்த இடத்தில் உட்காரக்கூட இடம் கிடைக்கவில்லை. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பத்திரப் பதிவு ஆபீஸ் அது. முடிச்சூர்ப் பக்கம் மனை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் குடும்பம் குடும்பமாக வந்து வராண்டாவை நிரப்பியிருந்தார்கள். நிலத்தைப் பதிகிற அதே மேஜையில்தான் கல்யாணத்தையும் பதிகிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு மனை, எங்களுக்குப் பின்னால் ஒரு மனை, நடுவில் நானும் இவரும்.

வாசலில் பத்திரம் எழுதுகிறவரிடம் வேலை பார்க்கிற ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, ஒரு மாலைகூட எடுத்துகினு வரலியா? லவ் மேரேஜா?"

"இல்லைங்க. வீட்ல பார்த்ததுதான்."

"அப்பால இன்னாத்துக்கு இப்டி திருட்டுத்தனமா நின்னுகினு கீறீங்கோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நாங்கள் என்ன ஓடிவந்தவர்களா? இரண்டு வீட்டாரும் கூடிப் பேசி, நிச்சயம் செய்து, மே மாதம் தாம்பரத்தில் எங்கள் சபையிலேயே கல்யாணம் என்று நாள் குறித்து, மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டது. இவருடைய வீடு பள்ளிக்கரணை. அவர்களும் எங்களைப் போலவே கோவில் தவறாத கிறிஸ்தவக் குடும்பம். எந்தப் பக்கத்திலும் ஒரு முணுமுணுப்பு இல்லை. இவருடைய கம்பெனி இவரை வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. நானும் கூடப் போக வேண்டுமென்றால் விசாவுக்கு இப்போதே கல்யாணச் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

சரி, கல்யாணத்தையே முன்னால் வைத்துக்கொள்ளலாமே என்றால் அது லெந்து காலம். ஈஸ்டருக்கு முந்தைய அந்த உபவாச நாட்களில் எங்கள் சபையில் தாலி கட்ட மாட்டார்கள். வீட்டில் கறி மீன் கிடையாது, புதுத்துணி கிடையாது. அப்பா வழக்கம்போல காபியையும் விட்டிருந்தார். அதனால் ஊருக்குத் தெரியாமல் பதிந்துவிடுவது, மேயில் ஊரறியக் கல்யாணம் செய்வது என்று முடிவானது.

சபைக்குச் சொல்லிவிட்டே பதிந்திருக்கலாம். அம்மாதான் கூடவே கூடாது என்றாள். சட்டப்படி மணமானவர்களுக்குக் கோவிலில் மறுபடி கல்யாணம் நடத்த மாட்டார்கள், 'ஆசீர்வாத ஆராதனை' என்று ஒன்றை நடத்துவார்கள். வீட்டை எதிர்த்து ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்களுக்கு எங்கள் சபையில் நடப்பது அதுதான். ஏதாவது ஒரு வார நாள் சாயங்காலம், பாடகர் குழு இல்லாமல், நான்கு பெஞ்சு ஆட்களோடு முடிந்துவிடும். "என் பொண்ணு என்ன ஓடிப்போய்ட்டு வந்தவளா?" என்று அம்மா கேட்டாள். நானும் தலையாட்டினேன். வெள்ளைப் பட்டும், தலையில் போடுகிற நெட்டும் எடுத்தாகிவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு, பாட்டு முழங்க நடு நடையில் நடந்து போக வேண்டும் என்று எனக்கும் ஆசை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்பா பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு அது வசதி.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சபைச் செயலாளர். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளை வாசிப்பவர் அவர்தான். ஒரு முறை ஏதோ ஜெபக் கூட்டத்தின் நேரத்தைத் தவறாக வாசித்துவிட்டார். கூட்டம் முடிந்தே போய்விட்டது, யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, "போன வாரம் நான் சொன்ன நேரம் தவறு, சபையார் மன்னிக்க வேண்டும்" என்றார். வீட்டில் நானும் அம்மாவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த மனிதர்தான் பதிவு ஆபீஸில் எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். "நீங்க பொண்ணுக்கு யாரு சார்?" என்று அதிகாரி கேட்டார். "அப்பா" என்றார். "அட, அப்பாவே வந்திருக்காரா! நல்லதாப் போச்சு" என்று அதிகாரி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா எலுமிச்சை சாதமும் அப்பளமும் போட்டு, "இது கல்யாணச் சாப்பாடு இல்ல, எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றாள். இவர் சாப்பிட்டுவிட்டு பைக்கில் பள்ளிக்கரணைக்குப் போய்விட்டார். நான் மேடவாக்கத்தில் இருந்த என் ஆபீஸுக்குப் போனேன். காலையில் எங்கே போனாய் என்று கேட்ட பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், பேங்க் வேலை என்று சொன்னேன். கூசாமல் வந்தது பொய்.

ஈஸ்டர் முடிந்தது. மண்டபம், பிரியாணி, ஃபோட்டோகிராபர், பள்ளிக்கரணை ஆட்களுக்கு வேன் என்று ஒன்று விடாமல் யோசித்த நாங்கள் ஓலையை மறந்துவிட்டோம்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் அறிக்கை வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதை ஓலை என்போம். இன்னார் மகன், மணமாகாதவர். இன்னார் மகள், கன்னிகை. இவர்கள் விவாகம் செய்ய இருக்கிறார்கள். இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் சபைக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் கோவிலில் அறிவிப்புகளோடு சேர்த்து இதையும் வாசிப்பவர் ஆராதனை நடத்துகிற ஆயர் அல்ல, செயலாளர். அதாவது அப்பா.

முதல் ஓலைக்கு முந்தின நாள் அப்பா, "நாளைக்கு நான் எப்படி வாசிக்கிறது?" என்றார்.

"எத்தனை பேருக்கு வாசிச்சிருக்கீங்க! அதே மாதிரிதான்" என்றாள் அம்மா.

"கன்னிகைன்னு வாசிக்கணுமே."

"அவ நம்ம வீட்லதானே இருக்கா? தாலி ஏறலையே? அப்புறம் என்ன?"

"அவ கல்யாணத்துக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்மா."

"அப்போ ஆயரையே வாசிக்கச் சொல்லுங்க."

"ஏன்னு கேப்பாரே."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆயரிடம் போய்ச் சொல்லிவிடலாம்ப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அப்பா அந்த நிமிடமே செருப்பை மாட்டியிருப்பார். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றுமே ஓடிக்கொண்டிருக்கவில்லை.

முதல் ஞாயிறு அப்பா வேகவேகமாக வாசித்துவிட்டார். எங்கள் கோவிலில் ஓலை வாசித்ததும் ஒரு சலசலப்பு எழும். எல்லோரும் திரும்பி, பெண் எந்தப் பெஞ்சில் இருக்கிறாள் என்று தேடுவார்கள். ஆன்ட்டிமார் சிரிப்பார்கள், பெண் தலையைக் குனிந்துகொள்வாள். என் ஓலைக்கு யாரும் திரும்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு 'கன்னிகை' என்ற இடத்தில் அப்பா தடுமாறினார். நின்று, இருமி, பிறகு வாசித்தார். அன்றும் யாரும் திரும்பவில்லை.

மூன்றாவது ஞாயிறு, 'தெரிவிக்க வேண்டும்' என்று முடித்ததும் அப்பா நின்றுவிட்டார். வழக்கமாக மூச்சு விடுகிற நேரம்தான் கொடுப்பார், அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். அன்று கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பரீட்சை ஹாலில் பார்ப்பதுபோல ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அம்மா என் தொடையை அழுத்திப் பிடித்தாள். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினவர்கள் புரட்டினார்கள், தரையைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள். பாடகர் குழுவில் எப்போதும் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்க்கிற ஆன்ட்டி ஒருவர், எனக்கு ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கிறவர்போல இருந்தார். அப்பா தானே சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். ஆண்டவரே, அப்பா வாயைத் திறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கோவிலில் உட்கார்ந்து, ஒரு பொய் நிற்க வேண்டும் என்று ஜெபம் செய்தேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்பா தாளைத் திருப்பினார். "பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை" என்று அடுத்ததை வாசிக்க ஆரம்பித்தார்.

ஆராதனை முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது அந்தப் பாடகர் குழு ஆன்ட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "விசா வந்துடுச்சா கண்ணு?"

"எந்த விசா ஆன்ட்டி?"

"பயப்படாதம்மா. நாங்க முடிச்சூர் மனையை வித்தோம்ல, அந்த ஆபீஸ்ல திரும்பத் திரும்ப அலைய விட்டாங்க. சர்வர் டவுன், சர்வர் டவுன்னு நாள் பூரா உட்கார வெச்சா வேற என்ன பண்றது? அந்த போர்டுல ஒட்டியிருந்ததை எல்லாம் படிச்சாச்சு. உங்க ரெண்டு பேர் பேரும் விலாசத்தோட இருந்துச்சு. மாப்பிள்ளை வெளிநாடு போறார்னு உங்கம்மா சொல்லியிருந்தாங்க, விசாவுக்குத்தான்னு புரிஞ்சுகிட்டேன்."

பதிவுக்கு முன் ஒரு மாதம் எங்கள் நோட்டீஸ் அந்தப் பலகையில் தொங்கியது எனக்குத் தெரியும். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று சர்க்காரும் ஓலை போடுகிறது. அதை யார் நின்று படிக்கப்போகிறார்கள் என்று நானும் இவரும் சிரித்தோம்.

"வேற யாருக்கு ஆன்ட்டி தெரியும்?"

"நம்ம சபைல மனை வாங்காதவங்க, விக்காதவங்க யாரு இருக்கா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஆயர் காதுல மட்டும் யாரும் போடல. போட்டா அப்பாவுக்குத்தானே அசிங்கம்? அப்பா முகத்துக்காகத்தான் யாரும் வாயைத் திறக்கல. நீ சந்தோஷமா இரு" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

சந்தோஷமா இருப்பதா? பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. தவறாகச் சொன்ன நேரத்துக்கு மன்னிப்புக் கேட்ட மனிதர் மூன்று வாரம் நின்று பொய் வாசித்திருக்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் பொய் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது என்று அப்போது நினைத்தேன்.

அம்மா சித்தியோடு ஆட்டோவில் போய்விட்டாள். அப்பாவை என் ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டேன். சொல்லவே கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். சிக்னலில் நின்றபோது அவரே பேசினார்.

"எல்லாருக்கும் தெரியும்மா."

நான் திரும்பவில்லை. "எப்போலேர்ந்துப்பா?"

"முதல் ஓலைலயே தெரிஞ்சு போச்சு. எத்தனை வருஷமா வாசிக்கிறேன்? வாசிச்சதும் ஜனங்க பொண்ணைத்தான் தேடுவாங்க. உன்னை ஒருத்தரும் பார்க்கல."

பச்சை விழுந்தும் எனக்கு வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு தண்ணீர் லாரி அடித்த ஹாரனில்தான் கிளப்பினேன். வீட்டுத் தெரு வந்த பிறகு கேட்டேன், "அப்போ இன்னிக்கு ஏன்ப்பா அவ்வளவு நேரம் நின்னீங்க?"

"யாராவது ஒருத்தர் எழுந்திரிக்க மாட்டாங்களான்னு பார்த்தேன்."

"எழுந்திருந்தா?"

"நான் உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. நெட், பாட்டு, நடு நடை, பிரியாணி, எல்லாம். தாலி கட்டுவதற்கு முன் ஆயர் இன்னொரு முறை தடை உண்டா என்று கேட்பார் என்பதையும் நாங்கள் மறந்திருந்தோம். நிறைந்திருந்த கோவில் மொத்தமும் தலை குனிந்தது. முன் பெஞ்சில் அப்பாவும் குனிந்துகொண்டார்.

ஜூனில் நாங்கள் விமானம் ஏறினோம். அடுத்த மாதம் அம்மா ஃபோன் செய்தாள். வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி அப்பா செயலாளர் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அறிவிப்பும் இனி வேறு ஒருவர்தான். அப்பாவுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, காலை பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார்.

"இத்தனை வருஷம் உழைச்ச மனுஷன், திடீர்னு வேணாம்கிறார். ஒருத்தராவது ஏன் சார்னு கேக்கணும்ல?" என்று அம்மா பொருமினாள். "ஒருத்தர்கூடக் கேக்கலடி."