மார்க்கண்டு வீட்டுக் கக்கூசுப் பிள்ளையார்

மயிலிட்டியில் மார்க்கண்டு அண்ணையைப் போல வெளிநாட்டுக்காரருக்கு வசதியான மனிதர் வேறில்லை. இடம்பெயர்ந்து முகாமில் கழிந்த காலம் அந்தக் கடல்தொழிலாளிக்கு ஒரேயொரு பாடத்தைத்தான் கற்றுக்கொடுத்தது: வாகனத்தில் வந்து இறங்குபவர் எதைக் கேட்டாலும் 'ஓம்' என்று சொன்னால் ஏதாவது கிடைக்கும். கூரைக்குப் போடத் தறப்பாள் கிடைத்தது. வாளி கிடைத்தது. ஒருமுறை கோழிக்கூடும் கோழி வளர்ப்புச் சான்றிதழும்கூடக் கிடைத்தன. கோழிதான் கடைசிவரை வரவில்லை.

இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டதும் ஊருக்குத் திரும்பினார். வீடு எழும்பியது, கக்கூசு எழும்பவில்லை. அவரும் மனைவி சிவக்கொழுந்தும் ஒழுங்கைக்கு அப்பால் இருந்த தம்பிஐயா வீட்டுக் கக்கூசுக்குப் போய்வந்தார்கள். இந்த வருடம் மகள் சுபாஜினி தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வர வேண்டும்.

"வயித்தைத் தூக்கிக்கொண்டு ஊரான்ரை படலையைத் தட்டேலாது. கக்கூசு கட்டினால் வாறன். இல்லாட்டி மாமி வீட்டிலை இருந்தே ஆஸ்பத்திரிக்குப் போறன்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

சிவக்கொழுந்துக்கு நித்திரை போய்விட்டது. தலைப்பிள்ளைக்கு மகள் தாய்வீடு வராவிட்டால் ஊர் என்ன கதைக்கும்?

அந்த நேரம் பார்த்து, கக்கூசு கட்டித்தர வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து இறங்கினார்கள். பல்கலைக்கழக விடுமுறையில் உலகத்தைக் கழுவித் துடைக்க வந்த பிள்ளைகள். நான் திரிந்த எந்த நாட்டிலும் இவர்களுடைய பனியன் அதே நீலம்தான். முதுகில் ஒரு நீர்த்துளி சிரித்துக்கொண்டிருக்கும். குழி வெட்டியதும் சுவர் எழுப்பியதும் உரும்பிராய் மேசன்மார். தொண்டர்கள் ஒரு கல்லைக் கைமாற்றினார்கள், கைமாற்றுவதைப் படமெடுத்தார்கள். பவுசர் வண்டியில் வந்த குடிதண்ணீர் முழுவதும், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைகழுவக் கற்றுக்கொடுத்ததிலேயே முடிந்துபோனது.

புறப்படுகிற நாளில் அவர்களுடைய உள்ளூர் இணைப்பாளன் ஜெயரூபன் ஓடிவந்தான்.

"அண்ணை, பிள்ளையள் உள்சுவரிலை எங்கடை பண்பாட்டைப் பெயின்ராலை கீறப்போகினமாம். பிள்ளையார் கீறலாமோ எண்டு கேக்கினம்."

"ஓம், ஓம். வடிவாக் கீறட்டும்" என்றார் மார்க்கண்டு. ஜெயரூபனும் யோசிக்கவில்லை, அவனுக்கு வான் வண்டியை அனுப்புகிற அவசரம்.

பின்னேரம் கதவைத் திறந்தால், குந்துகிற இடத்துக்கு நேரெதிரே பிள்ளையார். ஒரு கையில் சவர்க்காரம், ஒரு கையில் வாளி, ஒரு கையில் கக்கூசு தேய்க்கிற பிரஸ். மிச்சக் கையால் உள்ளே வருகிறவரை ஆசீர்வதித்தார். கீறிய வெள்ளைக்காரப் பெட்டைக்கு நல்ல கைவண்ணம், அதுதான் வினையாகப் போனது. கண் இரண்டும் உயிரோடு பார்த்தன. சிவக்கொழுந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

பிறகு எவருக்கும் அங்கே குந்தத் துணிவில்லை. மார்க்கண்டு சுண்ணாம்பு கரைத்தார்.

"சாமியை அழிச்ச கையாலை பேரப்பிள்ளையைத் தூக்குவியளோ?" என்று மனைவி கேட்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

முதலில் செவ்வரத்தம்பூ வைத்தார்கள், பிறகு கற்பூரம். வெள்ளிக்கிழமைகளில் அயலட்டைச் சனமும் வரத் தொடங்கியது. ஜெயரூபன் படமெடுத்து அனுப்ப, அமைப்பின் முகநூலில் செய்தி வந்தது: இந்தக் கிராம மக்கள் சுகாதாரத்தைத் தெய்வமாகவே வழிபடுகிறார்கள். கீழே ஏகப்பட்ட இதயங்கள்.

கக்கூசு கட்டியாயிற்று என்பதை மட்டும் கேள்விப்பட்ட சுபாஜினி பெட்டியோடு வந்தாள். கதவைத் திறந்தாள். ஊதுபத்தி மணத்தது.

"அப்பா, இது கக்கூசோ, கோயிலோ?"

"இப்போதைக்குக் கோயில், பிள்ளை."

"அப்ப நான் பின்னேர பஸ்ஸிலை திரும்பிப் போறன்."

மார்க்கண்டு சைக்கிளில் பறந்துபோய்க் கோயில் ஐயரை ஏற்றிவந்தார். ஐயர் எட்டிப்பார்த்துவிட்டுச் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உவரை ஆர் பிரதிட்டை செய்தது? வெறும் பெயின்ற். வெள்ளையை அடியுங்கோ."

"இவ்வளவு நாளும் பூ வைச்சுக் கூப்பிட்டனான் ஐயா. வராமல் இருப்பாரே?" சிவக்கொழுந்து விடுவதாக இல்லை.

கோயில் திருத்தும்போது மூலவரைக் கும்பத்துக்கு மாற்றிவைப்பது வழக்கம். ஐயர் அதையே கக்கூசு வாசலில் நின்று செய்தார். மாவிலையும் தேங்காயும் வைத்து, மந்திரம் சொல்லி, பிள்ளையாரைச் செம்புக்குள் இறக்கினார். சிவக்கொழுந்து செம்பைச் சாமியறைக்குச் சுமந்து போனார். மார்க்கண்டு வெள்ளையடித்தார். சவர்க்காரம் மட்டும் இரண்டு பூச்சுக்கும் மறையாமல் தெரிந்தது.

சுண்ணாம்பு காய்ந்த கையோடு ஒரு வாகனம் வந்து நின்றது. நீலப் பனியன்கள், கூடவே ஒரு பெரிய கமரா. முன்னால் ஜெயரூபன்.

"அண்ணை, கதவைத் திறவுங்கோ. பிள்ளையாரை வீடியோ எடுக்க வந்திருக்கினம். இது நல்லா வந்தால் ஊரிலை எல்லா வீட்டுக்கும் இப்பிடிக் கட்டித் தருவினமாம்."

மார்க்கண்டு கதவைப் பார்த்தார். அது உள்ளே கொழுக்கி கொழுவியிருந்தது.

"ஏலாது தம்பி. உள்ளை ஆள் இருக்கு."

ஜெயரூபன் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னானோ தெரியாது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கைகூப்பி, தலை குனிந்து, பயபக்தியோடு கதவுக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே சுபாஜினி வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.